சும்மான்னா ஒக்காரு

1

இந்த நவம்பரோடு நான் ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இங்கே யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் குடியுரிமைக்கு விண்ணப்பித்தாயா, எந்தப் படிவம், எந்த அலுவலகம் என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். விழுப்புரத்துக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் மழை உண்டா என்று கேட்டுக்கொள்வார்கள். இங்கே வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் கடிதம் வந்ததா என்று கேட்டுக்கொள்வோம்.

என் ஊர் காணை. அப்பா இன்றைக்கும் அங்கே கரும்பும் நெல்லும் வைக்கிறார். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறேன். மேலே போய்க் கீழே வருவதற்குச் சம்பளம் தருகிறார்கள், குறை ஒன்றும் இல்லை. ஜெர்மன் மொழியும் வேலைக்குப் போதுமான அளவுக்கு வந்துவிட்டது. நகைச்சுவைதான் இன்னும் கைக்கு வரவில்லை. தேநீர் இடைவேளையில் யாராவது ஒரு ஜோக் சொல்வார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்துவிடுவேன். எதற்குச் சிரித்தேன் என்று வீட்டுக்கு வந்து அகராதியில் பார்ப்பேன்.

மனைவி சுதாவுக்குக் கண்டமங்கலம். ஒரே மகள் கயல்விழி, ஏழு வயது, இங்கேயே பிறந்தவள். வாயில் நன்றாக நுழையட்டும் என்றுதான் கயல் என்று கூப்பிட ஆரம்பித்தோம். இந்த ஊர்க்காரர்கள் 'கயால்' என்கிறார்கள். அந்த உச்சரிப்பில் இங்கே அதற்குக் கண் மை என்று பொருளாம். மீன் என்று வைத்த பெயர் மையாகிப் போனதில் சுதாவுக்கு வருத்தம். எனக்கு அவள் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்தால் போதும் என்று இருந்தது. போன ஜூன் மாதத்துக்குப் பிறகு திரும்பிப் பார்த்தாளே தவிர, பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அதற்குக் காரணம் நான்தான்.

2

கயலின் பள்ளியில் வாரத்துக்கு ஒரு கணக்கு வகுப்பை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் சதுரங்கம் வைத்திருக்கிறார்கள். முதல் வகுப்பிலிருந்தே உண்டு. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். நம்மூர்ப் புத்தியில் மாவட்டப் போட்டி, கோப்பை, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக் கோச்சிங் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வகுப்பு ஆசிரியை ஃப்ராவ் வின்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஃப்ராவ் என்றால் திருமதி, வின்டர் என்றால் குளிர்காலம். பெயர்தான் அப்படி, ஆள் இதமானவர்.

"யாரையும் வீராங்கனை ஆக்கப் போவதில்லை. கையை நீட்டுவதற்கு முன்னால் ஒரு கணம் யோசிக்கப் பழகட்டும், அதற்குத்தான்" என்றார்.

முதல் சில மாதங்கள் ராஜாவும் ராணியும் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. சிப்பாய்கள் மட்டும்தான். இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. நேராக நடக்கலாம், குறுக்கே இருப்பதை வெட்டலாம், எதிர்ப்பக்கக் கடைசி வரிசையை முதலில் தொட்டவர் ஜெயித்தார். கயலுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் எதிர் எதிரே நிறுத்திவிட்டு யோசித்துக்கொண்டிருப்பாள். ரசம் ஆறிப் போகும்.

ஜூன் மாதம் பள்ளி விழா என்று ஒரு கடிதம் வந்தது. "விழாவில் உங்கள் மகள் பவுவராக வருகிறாள். அதற்கேற்ற உடையில் அனுப்பவும்." பவுவர் என்றால் விவசாயி. அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை. மொழி வகுப்பில் 'உன் அப்பா என்ன செய்கிறார்' என்ற கேள்விக்கு நான் முதன்முதலாகக் கற்ற பதில் அது.

மாறுவேடப் போட்டி என்று முடிவு கட்டினேன். நம்மூர்ப் பள்ளி ஆண்டு விழாவில் பாரத மாதாவும் காய்கறிக்காரியும் வருவார்களே, அந்தக் கணக்கு. என் வேட்டியை நாலாக மடித்து அவள் முழங்காலுக்கு மேலே கட்டினேன். தோளில் துண்டு, தலையில் முண்டாசு. சுதா கண் மையால் மீசை வரைந்தாள். மண்வெட்டிக்குக் கடை கடையாக அலைந்தேன், நல்ல வேளையாகக் கிடைக்கவில்லை.

ஜெர்மன் கடிதங்களில் விஷயம் தாளின் பின்பக்கத்தில்தான் இருக்கும். நான் பின்பக்கத்தைத் திருப்பவில்லை. பள்ளி முற்றத்தில் பெரிய சதுரங்கக் கட்டம் வரைந்து, பிள்ளைகளே காய்களாக நிற்கப் போகிறார்கள் என்று அங்கே இருந்திருக்கிறது. யானையை இவர்கள் கோபுரம் என்கிறார்கள். மந்திரி இவர்களுக்கு ஓட்டக்காரன். நம் சிப்பாய்க்கு இவர்கள் வைத்த பெயர்தான் விவசாயி. காகிதத்தில் உருண்டைத் தொப்பி எப்படிச் செய்வது என்று படம்கூடப் போட்டிருந்தார்கள்.

ஆக, முற்றத்தில் பதினாறு சிப்பாய்கள். பதினைந்து பேர் தலையில் உருண்டைத் தொப்பி. ஒருத்திக்கு மட்டும் முண்டாசும் மீசையும்.

சிரிப்பு முன் வரிசையில் தொடங்கிக் கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஃப்ராவ் வின்டர் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்தேன். படமும் எடுத்தேன். வீடு போய்ச் சேருவதற்குள் அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப்பில் ஏறி, காணையிலிருந்து கோட்டக்குப்பம் வரைக்கும் எல்லோரும் சிரித்த முகத்தைப் போட்டு முடித்துவிட்டார்கள்.

டிராம் வண்டியில் வரும்போதே கயல் துண்டின் நுனியால் மீசையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். அதன் பிறகு பள்ளியில் அவள் வாய் திறக்கவில்லை. வீட்டில் ஏன்மா என்று கேட்டால் "சும்மா" என்பாள். தமிழில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சில சொற்களில் அது ஒன்று. எதற்கும் பொருந்துகிற சொல் என்று நாங்கள் பேசுவதைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள்.

3

கோடை விடுமுறை முடிந்து இரண்டாம் வகுப்புக்குப் போனாள். அக்டோபர் தொடக்கத்தில் இன்னொரு கடிதம். இந்த முறை இரண்டு பக்கமும் படித்தேன், இரண்டு பக்கமும் நன்றாக இல்லை. கயால் எழுதுகிறாள், கணக்குப் போடுகிறாள், ஆனால் நான்கு மாதமாக வகுப்பில் பேசுவதில்லை. சதுரங்க நேரத்தில்கூட ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறாள். அடுத்த வருஷம் தோழிகளோடு மூன்றாம் வகுப்புக்கு அனுப்புவதா, இரண்டிலேயே இன்னொரு வருஷம் வைப்பதா என்று நவம்பரில் கூடிப் பேசலாம், மகளையும் அழைத்து வரவும்.

கையைத் தூக்கிப் பேசுகிற பிள்ளைக்கு இங்கே மதிப்பெண் உண்டு. நான் படித்த பள்ளியில் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்குத்தான் நல்ல பெயர். இந்த வித்தியாசத்தை ஏழு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சுதா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் வேட்டியை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

இலையுதிர்கால விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். விமானம் வெள்ளிக்கிழமை காலை. அந்த ஒரு நாளுக்குக் கயலுக்குப் பள்ளியில் லீவு கேட்டுப் பார்த்தேன். கிடையாது, சட்டம் இடம் தராது என்று பதில் வந்தது. "காய்ச்சலும் தலைவலியுமாக இருப்பதால்" என்று எழுதி எழுதியே பத்தாம் வகுப்பு முடித்தவன் நான். அபராதத்துக்குப் பயந்து டிக்கெட்டைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்.

ஊரில் வந்தவர்கள் எல்லோரும் கயலை ஜெர்மனில் ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் எந்த மொழியிலும் பேசவில்லை. மூன்றாம் நாள் என் அக்கா தனம் பொறுமை இழந்தாள். அக்கா விழுப்புரத்தில் இருக்கிறாள், திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

"டேய் சேகரு, அந்தப் புள்ள இன்னாத்துக்குடா வாயே தொறக்க மாட்டேங்குது?"

"அங்கயும் அப்படித்தான்க்கா இருக்குது. ஒரு வருசம் நிறுத்தி வெக்கலாமான்னு லெட்டர் போட்டுக்கறாங்க."

"நாளைக்கி எங்க ஸ்கூலுக்கு இட்டுக்கினு வா. சும்மா வந்து ஒக்காந்திருக்கட்டும்" என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டு, "சும்மான்னு சொல்லக் கூடாது இல்ல" என்று சிரித்தாள். எனக்கு அது அப்போது புரியவில்லை. வழக்கம்போல நானும் சிரித்துவைத்தேன்.

4

மறுநாள் நல்ல மழை. திண்டிவனம் பஸ் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினோம். பள்ளி வராந்தாவின் சிமெண்ட் தரையில் வெள்ளையும் நீலமுமாகச் சதுரங்கக் கட்டம் வரைந்திருந்தது. அக்காவும் சத்துணவு அக்காவுமாக ஒரு சனிக்கிழமை மீந்த பெயிண்ட்டை வைத்துப் போட்டதாம். ஒரு கட்டத்தில் ஒரு பிள்ளை வசதியாக நிற்கலாம்.

அங்கேயும் சின்னப் பிள்ளைகளுக்குச் சிப்பாய் ஆட்டம்தான். ஆனால் ஒரு சட்டம் அதிகம். நகர நினைக்கும் பிள்ளை முதலில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு எங்கே போகப் போகிறது, ஏன் போகப் போகிறது என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் காலை எடுத்து வைக்கலாம்.

"முன்னல்லாம் தடதடன்னு போயி வெட்டு வாங்கிக்கினு வருங்க" என்றாள் அக்கா. "ஏன்டா போனேன்னு கேட்டா சும்மான்னுவான். எல்லாத்துக்கும் சும்மாதான். அதான் அந்த வார்த்தையவே எடுத்துட்டேன். சும்மான்னு சொன்னா அந்தக் கட்டத்துலயே ஒக்காரணும், ஒரு ரவுண்டு எந்திரிக்கக் கூடாது. தப்பான காரணம் சொன்னா பரவால்ல. காரணமே இல்லன்னாதான் தப்பு."

மழையால் அன்று வருகை குறைவு. மூன்றாம் வகுப்புப் பவித்ரா, ரெட்டைச் சடையும் அதிகாரமுமான பெண், விரல் விட்டு எண்ணினாள்.

"டீச்சர், பதினஞ்சு பேர்தான் இருக்கறோம். ஒரு ஆளு கம்மி."

பதினைந்து பேரும் கயலைப் பார்த்தார்கள். பவித்ரா கிட்டே வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீதான முண்டாசு கட்டிக்கினு நின்ன பொண்ணு? டீச்சர் செல்லுல காட்டனாங்க."

கயல் என்னைப் பார்த்த பார்வையில், இங்கேயுமா என்று இருந்தது. அக்காவிடமிருந்து போனைப் பிடுங்கி உடைக்கலாம்போல வந்தது.

"எங்கப்பா கட்றா மாரியே இருந்துச்சி. யாரு கட்டிவுட்டா?" என்றாள் பவித்ரா.

கயல் என்னைக் காட்டி, "அப்பா" என்றாள்.

"ஏன் கட்டிவுட்டாரு?"

"சும்மா."

"சும்மான்னா ஒக்காரு" என்று பதினைந்து தொண்டையும் ஒரே சமயத்தில் கத்தின. கயல் பயந்துபோய் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது சட்டம். பவித்ரா குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"காரணம் சொல்லு, எந்திரிக்கலாம். ஏன் கட்டிவுட்டாரு?"

கயல் யோசித்தாள். வாய்க்குள்ளே ஒரு தடவை சொல்லிப் பார்த்தது தெரிந்தது.

"அங்க சிப்பாய் பேரு பவுவர். பவுவர்னா விவசாயி. அப்பா நெஜ விவசாயின்னு நெனச்சிட்டார்."

நான்கு மாதத்தில் அவள் வெளியாளிடம் பேசிய முதல் மூன்று வாக்கியம். அந்த மூன்றிலும் என் தப்பு ஒழுங்காக விளங்கியது.

"பவரா?" என்றான் ஒருவன். "டீச்சர், சிப்பாய்க்குத்தான் பவரே கெடையாதே. ஒரு கட்டம்தான போவும்."

"பவர் இல்ல. பவுவர்" என்றாள் கயல்.

"அதான், பவரு. எங்கப்பாவும் பவருதான். மல்லாட்டை போட்டுக்கறாரு." நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பேர்.

"எங்க மாமா கரும்பு வெட்றதுக்குப் போறாரு டீச்சர். அவரும் பவரா?"

"வெட்றவரும் பவருதான்" என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

அத்தோடு அந்த வராந்தாவில் சிப்பாய் என்ற பேரே போய்விட்டது. ஆட்டமும் மாறியது. அதுவரை ஒரு காயை விட்டுக்கொடுப்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாக இல்லையாம். பேர் மாறியதும் ஒவ்வொரு காலடிக்கும் வழக்கு நடந்தது. "அங்க போவாத, குறுக்க நிக்கறா பாரு, வெட்டிடுவா" என்று ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். மல்லாட்டைக்காரர் மகன் தன் பக்கத்துப் பையனிடம், "வெட்டக் குடுக்காதடா, அது எங்கப்பா" என்றான்.

கயலின் முறை வந்தது. அவளுக்கு முன்னால் ஒரு கட்டம் காலி. ஒரு அடி வைத்தால் கடைசி வரிசை கொஞ்சம் கிட்டே வரும். அவள் பக்கத்துப் பிள்ளைகள் போ போ என்றார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நிறைய நேரம் நின்றாள். எனக்கு அந்த நிற்றல் தெரியும், இதைப் பற்றித்தான் கடிதம் வந்தது.

"நான் போகல" என்றாள்.

"போவலன்னாலும் காரணம் சொல்லணும்" என்றாள் எதிர்ப்பக்கம் நின்ற பவித்ரா.

"நான் போனா நீ குறுக்க வெட்டுவ. நான் நிக்கறேன். நீ வந்தா நான் வெட்டுவேன். வேற யாராவது போங்க."

பவித்ரா கட்டத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "ஆமா டீச்சர்" என்றாள் சுரத்தில்லாமல். கயல் பக்கத்தில் கைதட்டல். நான் தூணுக்குப் பின்னால் போய் மழையைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டேன். கண் கலங்கியதை அக்கா பார்த்தால் அதற்கும் காரணம் கேட்பாள்.

மிச்சமிருந்த நாளெல்லாம் அவள் காலையில் அத்தையோடு பஸ் ஏறிவிட்டாள். சுதா காணையிலும் கண்டமங்கலத்திலும் அவளுக்காகக் காத்திருந்த சொந்தக்காரர்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். கயல் மாலையில் திரும்பும்போது பையில் அவித்த மல்லாட்டையும் வாயில் புதுத் தமிழும் இருக்கும்.

5

நவம்பர் கூட்டம் கயலின் வகுப்பறையிலேயே நடந்தது. பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்தோம். ஃப்ராவ் வின்டர் மெதுவாகத்தான் பேசினார். இன்னொரு வருஷம் இரண்டிலேயே இருப்பது கயாலுக்கு நல்லது, அவசரமில்லாமல் மலரட்டும், பெற்றோர் சம்மதம் வேண்டும், இங்கே கையெழுத்து. பேனாவையும் அவரே திறந்து கொடுத்தார்.

பன்னிரண்டு வருஷமாக இந்த நாட்டில் விரல் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டவன் நான். பேனா தாளைத் தொட்டுவிட்டது. பக்கத்தில் ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்த்தால், கயல் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்?" என்றாள் ஜெர்மனில்.

ஃப்ராவ் வின்டர் காதில் சரியாக விழவில்லை என்பதுபோலக் குனிந்தார்.

"ஏன் என்று சொல்லாமல் நகர்த்தக் கூடாது" என்றாள் கயல்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். பிறகு அவளையே பார்த்துச் சொன்னார், "நீ வகுப்பில் பேசுவதில்லை கயால். அதனால்."

கயல் தலையை ஆட்டினாள். அது செல்லுபடியாகும் காரணம்தான் என்று ஏற்றுக்கொண்ட மாதிரி இருந்தது. "பேசாததற்கும் காரணம் இருக்கிறது" என்று தொடர்ந்தாள். "விழாவில் எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தால் மறுபடியும் சிரிப்பார்கள். அதனால் நகரவில்லை. அவர்கள் முதலில் வரட்டும் என்று நின்றேன். அப்பாவும் சிரித்தார்."

கடைசி வாக்கியத்தை அவள் தனியாக அழுத்திச் சொல்லவில்லை. கணக்கில் விட்டுப்போகக் கூடாது என்று சேர்த்துக்கொண்ட மாதிரிதான் சொன்னாள். சுதா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஃப்ராவ் வின்டர் "நானும் சிரித்தேன்" என்றார். என் முன்னால் இருந்த தாளை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். "பள்ளி ஆண்டு முடிய நிறைய மாதம் இருக்கிறது. இது அங்கேயே இருக்கட்டும்." பிறகு அந்தக் கையைக் கட்டும் சட்டத்தைப் பற்றி அவளிடமே விசாரித்தார். கயல் விளக்கமாகச் சொன்னாள், ஒரு இடத்தில் மட்டும் நின்றாள். சும்மா என்பதற்கு ஜெர்மனில் அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை. "அப்படியே வைத்துக்கொள்வோம்" என்றார் அவர். இப்போது அந்த வகுப்பில் இருபத்து மூன்று ஜெர்மன் பிள்ளைகள் 'ஷும்மா' என்று ஒருவரை ஒருவர் உட்கார வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

6

கூட்டம் முடிந்து சுதா வேலைக்குப் போய்விட்டாள். நானும் கயலும் டிராமில் ஏறினோம். ஜூன் மாதம் அவள் மீசையை அழித்துக்கொண்டு வந்த அதே தடம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"அப்பா சிரிச்சது தப்புதான் கயல்" என்றேன்.

"ஏன் சிரிச்ச?"

"அது சும்மா..."

வாயை விட்டுச் சொல் போன பிறகுதான் உறைத்தது. பக்கத்தில் ஒரு இருக்கை காலியாக இருந்தது. அவள் அதைக் காட்டினாள்.

"சும்மான்னா ஒக்காரு."

உட்கார்ந்தேன். அவள் எனக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு, வண்டியின் ஆட்டத்துக்குக் காலை அகட்டி வைத்து நின்றாள். ஒரு நிறுத்தம் போனது. காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. யாரிடமும் சொன்னதில்லை, சுதாவிடம்கூட.

"எல்லாரும் சிரிச்சாங்க. இங்க எல்லாரும் சிரிக்கும்போது நான் சிரிக்கலன்னா, என்னப் பாத்துதான் சிரிக்கறாங்கன்னு ஆயிடுமோன்னு பயம். வந்த நாள்லேருந்து அப்படித்தான். உன்னப் பாத்து சிரிக்கறாங்கன்னு யோசிக்கறதுக்கு முன்னாடியே சிரிச்சிட்டேன்."

இன்னொரு நிறுத்தமும் போனது. அவள் என் முகத்தைக் கட்டத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கட்டிய கையைப் பிரித்து என் பக்கம் நீட்டினாள்.

"சரி, அது காரணந்தான். எந்திரி, எறங்கணும்" என்றாள்.